பொய் சொன்னவர் பிழைத்தார். மெய் சொன்னவர் தொங்கினார்!

1692-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி. கோர்ட்டில் 71 வயது மூதாட்டி ஒருவர் நிறுத்தப்பட்டிருந்தார். பெயர் ரெபக்கா நர்ஸ். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். பக்திமான் என்று ஊரே மதித்த அம்மாள். சூனியம் வைத்தார், சைத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டார் என்பது அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம். "இந்த அம்மாள் அப்படிப்பட்டவர் அல்ல" என்று அக்கம்பக்கத்தார் 39 பேர் துணிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

ஜூரிகள் தனியே கூடிப் பேசினார்கள். திரும்பி வந்து, "குற்றவாளி அல்ல" என்றார்கள்.

அவ்வளவுதான்! குற்றம் சாட்டிய பெண்கள் ஓவென்று அலறினார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவுட்டன் ஜூரிகளை நோக்கி ஒரு கேள்வி போட்டார். சூனியக்காரி என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒருத்தியைச் சாட்சி சொல்ல அழைத்து வந்தபோது, "இவளையா கொண்டு வருகிறீர்கள்? இவள் எங்களில் ஒருத்தியாயிற்றே!" என்று ரெபக்கா சொன்னாரே, அதைக் கவனித்தீர்களா என்று கேட்டார்.

ஜூரிகள் ரெபக்காவிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் பேசாமல் நின்றார்.

அந்த மௌனமே அவர் கழுத்துக்குக் கயிறாயிற்று. ஜூரிகள் மறுபடியும் கூடினார்கள். இந்தத் தடவை வந்த தீர்ப்பு, "குற்றவாளி!"

ரெபக்காவுக்குக் காது மந்தம். துக்கத்தில் வேறு மூழ்கியிருந்தார். கேட்ட கேள்வி அவர் காதில் விழவே இல்லை. "எங்களில் ஒருத்தி" என்றால் "எங்களோடு சிறையில் இருந்தவள்" என்றுதான் அர்த்தம் என்று பிறகு எழுதிக் கொடுத்தார். கவர்னர் இரக்கப்பட்டுத் தண்டனையை நிறுத்தி வைத்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் போய்ப் பேசியதும் அந்த உத்தரவும் பறந்துவிட்டது. ஜூலை 19-ந் தேதி ரெபக்காவும் வேறு நான்கு பெண்களும் தூக்கில் தொங்கினார்கள்.

இது நடந்த ஊரின் பெயர் சேலம்.

எந்தச் சேலம்?

நம் சேலம் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரையில் உள்ள சேலம். தமிழ் வேதாகமத்தில் "சாலேம்" என்று வருகிறதே, அந்தப் பெயர்தான். சமாதானம் என்று பொருள்! 1626-ல் வெள்ளையர்கள் அங்கே குடியேறினார்கள். பின்னாலேயே பியூரிட்டன்கள் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் திருச்சபையில் ஆடம்பரமும் சடங்கும் மிகுந்துவிட்டன என்று மனம் வெறுத்துக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். புதிய பூமியில் கடவுளுக்கு உகந்த சமுதாயத்தை அமைப்போம் என்பது அவர்களுடைய கனவு. அந்தக் கனவில் சைத்தானுக்கும் இடம் இருந்தது. கடவுள் எவ்வளவு மெய்யோ, சைத்தானும் அவ்வளவு மெய் என்று நம்பினார்கள்.

சேலம் பட்டணத்திலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி சேலம் கிராமம் என்று ஒன்று இருந்தது. இன்று அதற்கு டான்வர்ஸ் என்று பெயர். வம்பும் வழக்கும் மலிந்த ஊர். நில எல்லைச் சண்டை ஒரு பக்கம். பாதிரியாருக்குச் சம்பளம் கொடுப்பதா, வேண்டாமா என்ற சண்டை மறு பக்கம். 1689-ல் பதவியேற்ற சாமுவேல் பாரிஸ் பாதிரியாருக்குக் குளிர் காய விறகு கொடுக்கக்கூட ஊரில் ஒரு பகுதியார் மறுத்தார்கள். வடக்கே செவ்விந்தியர்களோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் யுத்தம். வீடு எரிந்து, பெற்றோரை இழந்து ஓடி வந்த அநாதைப் பெண்கள் இந்த ஊர் வீடுகளில் வேலைக்காரிகளாக இருந்தார்கள். போதாக்குறைக்கு, குடியேற்றத்தின் அரச சாசனம் 1684-ல் ரத்தாகிவிட்டது. புதிய சாசனத்தோடு கவர்னர் வில்லியம் பிப்ஸ் 1692 மே மாதம் கப்பலில் வந்து இறங்கும்போது சிறைச்சாலைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன.

பாதிரியார் வீட்டில் தொடங்கியது

1692 ஜனவரியில் பாரிஸ் பாதிரியாரின் 9 வயது மகள் பெட்டிக்கும், அவரோடு வசித்த 11 வயது உறவுப் பெண் அபிகேலுக்கும் ஏதோ ஆயிற்று. உடல் முறுக்கிக்கொண்டது. யாரோ கிள்ளுகிறார்கள், கடிக்கிறார்கள் என்று கதறினார்கள். வைத்தியர் பார்த்துவிட்டு, "இது மருந்துக்கு அடங்காது, தீய கையின் வேலை" என்று சொல்லிவிட்டார்.

அண்டை வீட்டு அம்மாள் ஒருவர் பரிகாரம் சொன்னார். ரை என்ற தானியத்தின் மாவில் அந்தச் சிறுமிகளின் மூத்திரத்தைப் பிசைந்து அடை சுட்டு, நாய்க்குப் போட வேண்டுமாம்! பாதிரியார் வீட்டு அடிமைகளைக் கொண்டு அதையும் செய்தார்கள். நாய் தின்றது. நோய் தீரவில்லை. மாறாக, ஆன் பட்னம் என்ற 12 வயதுச் சிறுமிக்கும் எலிசபெத் ஹப்பர்டு என்ற 17 வயதுப் பெண்ணுக்கும் தொற்றிக்கொண்டது. உங்களை வதைப்பது யார் என்று பெரியவர்கள் துளைத்துத் துளைத்துக் கேட்டார்கள். மூன்று பெயர்கள் வந்தன. ஒருத்தி அடிமைப் பெண் டிட்டுபா. ஒருத்தி வாசல்தோறும் பிச்சை கேட்ட சாரா குட். மற்றவள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட நோயாளி சாரா ஆஸ்பர்ன். மூவருக்கும் பரிந்து பேச நாதி இல்லை.

மார்ச் 1-ந் தேதி விசாரணை. சாரா குட்டும் சாரா ஆஸ்பர்னும் சத்தியம் செய்து மறுத்தார்கள். டிட்டுபாவும் முதலில் மறுத்தாள். பிறகு ஒப்புக்கொண்டாள். பாதிரியார் அடித்துச் சொல்லச் சொன்னார் என்று பின்னாளில் அவள் கூறியதாக அக்காலத்து நூல் ஒன்று சொல்கிறது. ஒப்புக்கொண்டாளே தவிர, எப்படி ஒப்புக்கொண்டாள்! பாஸ்டனிலிருந்து வந்த உயரமான மனிதன், மஞ்சள் பறவை, சிவப்பு எலி, கோலில் ஏறிப் பறந்தது என்று கதை கதையாகச் சொன்னாள். சைத்தானின் புத்தகத்தில் 9 பேருடைய அடையாளங்கள் இருந்தனவாம்.

மாஜிஸ்திரேட்டுகள் கணக்குப் போட்டார்கள். பிடிபட்டவர்கள் மூன்றே பேர். அப்படியானால் மற்றவர்கள் யார்?

மூவருடைய கதியையும் பாருங்கள். மறுத்த சாரா ஆஸ்பர்ன் மே மாதம் சிறையிலேயே செத்தாள். மறுத்த சாரா குட் ரெபக்காவோடு தூக்கில் தொங்கினாள். அவளுடைய கைக்குழந்தை சிறையில் இறந்தது. நான்கைந்து வயதுள்ள இன்னொரு மகளையும் சூனியக்காரி என்று விலங்கிட்டு மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். ஒப்புக்கொண்ட டிட்டுபா மட்டும் உயிரோடு வெளியே வந்தாள்.

உருவம் வந்து கிள்ளியது!

கோர்ட்டு எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஒருவர் சைத்தானோடு சேர்ந்துவிட்டால், அவருடைய உருவத்தைச் சைத்தான் எடுத்துக்கொண்டு வந்து பிறரை வதைப்பான் என்பது நம்பிக்கை. அந்த உருவம் பாதிக்கப்பட்டவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். "ராத்திரி ரெபக்காவின் உருவம் வந்து என் கழுத்தை நெரித்தது" என்று ஒரு பெண் சொல்வாள். "ராத்திரி முழுவதும் நான் வீட்டில் படுத்திருந்தேன்" என்று ரெபக்கா சொன்னால் அது பதிலாகாது. உடம்பு வீட்டில் படுத்திருக்கலாம், உருவம் வந்திருக்கலாமே! இந்தச் சாட்சியத்தை எந்தச் சாட்சியைக் கொண்டு உடைப்பது?

நிரபராதியின் உருவத்தைச் சைத்தான் எடுக்க முடியுமா, முடியாதா என்று ஒரு தர்க்கம் இருந்தது. எடுக்க முடியும் என்றால் வழக்கு மொத்தமும் சரிந்துவிடும். முடியாது என்பது ஸ்டவுட்டனின் கட்சி.

இதைப் படிப்பறியாத பாமரர்களின் மூடத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஸ்டவுட்டன் ஹார்வர்டு கல்லூரியில் படித்தவர். உடன் இருந்த நீதிபதி சாமுவேல் சூவலும் அந்தக் கல்லூரி மாணவரே. பழி முழுவதையும் அந்தச் சிறுமிகள் தலையில் கட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 12 வயதுக் குழந்தை எதையும் சொல்லும். அதைச் சாட்சியமாக எழுதிக்கொண்டு, மரண தண்டனையில் கையெழுத்துப் போட்டவர்கள் சட்டமும் வேதமும் படித்த பெரியவர்கள். முதல் தூக்குக்குப் பிறகு நதானியேல் சால்டன்ஸ்டால் என்ற நீதிபதி பதவியை விட்டு விலகினார். அவர் ஒருவர்தான் விலகினார்.

பேத்தியின் வாக்குமூலம்

ஜூன் 10-ந் தேதி முதலில் தூக்கில் போடப்பட்டவர் பிரிஜட் பிஷப். அதற்குள் ஊருக்கு ஒரு கணக்குப் புரியத் தொடங்கியது. ஒப்புக்கொண்டவர்களைக் கோர்ட்டு தூக்கில் போடவில்லை. மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவர்கள் தேவைப்பட்டார்கள். மறுத்தவர்கள் மட்டுமே தூக்குமேடைக்குப் போனார்கள்.

பிறகு என்ன? ஒப்புதல்கள் குவிந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆண்டோவர் என்ற பக்கத்து ஊரில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மீது குற்றச்சாட்டு. அங்கே கணவன்மார்களே மனைவிகளிடம், "ஒப்புக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்" என்று கெஞ்சினார்கள். மசியாத வாலிபர்களைக் கழுத்தும் குதிகாலும் சேரக் கட்டிப்போட்டு, மூக்கில் இரத்தம் வரும்வரை வதைத்தார்கள் என்று சிறையிலிருந்த ஜான் ப்ராக்டர் பாஸ்டன் பாதிரிமார்களுக்குக் கடிதம் எழுதினார். அப்படி வதைக்கப்பட்டவர்களில் அவருடைய மகனும் ஒருவன். அவர் தூக்கில் தொங்குமுன்பே ஷெரீப் அவர் வீட்டுச் சாமான்களை வாரிக்கொண்டு போனார். அடுப்பில் இருந்த கஞ்சியைக் கீழே கொட்டிவிட்டுப் பானையையும் எடுத்துக்கொண்டு போனாராம்.

மார்கரெட் ஜேக்கப்ஸ் என்ற இளம்பெண்ணின் கதை கல்லையும் கரைக்கும். "ஒப்புக்கொண்டால் உயிர், இல்லையேல் தூக்கு" என்று மிரட்டியதும் அவள் நடுங்கிப்போய் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டால் மட்டும் போதாதே, "இன்னும் யார் யார்?" என்ற கேள்வி வருமே! சொந்தப் பாட்டனார் ஜார்ஜ் ஜேக்கப்ஸ் பெயரையும், முன்னாள் பாதிரியார் ஜார்ஜ் பர்ரோஸ் பெயரையும் சொன்னாள். பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னதெல்லாம் பொய் என்று கோர்ட்டுக்கே எழுதிக் கொடுத்தாள். கோர்ட்டு அதை நம்பவில்லை! பொய்யை நம்பியவர்கள் மெய்யை நம்ப மறுத்தார்கள். தூக்குக்கு முதல் நாள் சிறையிலேயே பர்ரோஸிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்து, அவளோடு சேர்ந்து ஜெபம் செய்தார். ஆகஸ்டு 19-ந் தேதி பாட்டனாரும் பர்ரோஸும் ப்ராக்டரும் வேறு இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். பர்ரோஸ் ஏணியில் நின்று கர்த்தருடைய ஜெபத்தை ஒரு பிழை இல்லாமல் சொன்னார். சூனியக்காரனால் அது முடியாது என்பது ஜனங்களின் நம்பிக்கை. கூட்டம் கலங்கியது. குதிரைமேல் இருந்த காட்டன் மாதர் என்ற இளம் பாதிரியார் பேசிச் சமாளித்தார்.

மார்கரெட்டின் விசாரணை நாளில் அவளுக்குத் தலையில் கட்டி. விசாரணை தள்ளிப்போயிற்று. கட்டி அவளைக் காப்பாற்றியது!

சாமுவேல் வார்டுவெல் என்பவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒப்புக்கொண்டவர், மனச்சாட்சி உறுத்தி, சொன்னது பொய் என்றார். செப்டம்பர் 22-ந் தேதி அவரைத் தூக்கில் போட்டார்கள். அன்று தொங்கியவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் ரெபக்காவின் தங்கை மேரி ஈஸ்டி. தாம் சாகப்போவது உறுதி என்று தெரிந்தும் அவர் நீதிபதிகளுக்கு ஒரு மனு எழுதினார். அதில் தம் உயிருக்காக அவர் கெஞ்சவில்லை. குற்றமற்ற இரத்தம் இனிமேல் சிந்த வேண்டாம். ஒப்புக்கொண்டவர்களைத் தனித்தனியே நன்றாக விசாரியுங்கள் என்றுதான் கேட்டார். கோர்ட்டில் யாருமே செய்யாத யோசனை அது.

அதற்கு மூன்று நாள் முன்பு கைல்ஸ் கோரி என்ற 80 வயது கடந்த விவசாயி வேறு விதமாக மாண்டார். அவர் விசாரணைக்கே உடன்பட மறுத்தார். படுக்க வைத்து மார்பின் மேல் பாறாங்கற்களை ஏற்றினார்கள். "இன்னும் கனம் வை" என்றாராம். நிலம் பறிபோகாமல் இருக்கவே அப்படிச் செத்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நிலத்தைத்தான் அவர் ஜூலையிலேயே மருமகன்களுக்கு எழுதி வைத்துவிட்டாரே! இந்தக் கோர்ட்டில் நியாயம் கிடைக்காது என்று கண்டுகொண்ட மனிதர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

சென்னைக் கோட்டைக்கு ஒரு தொடர்பு

சேலம் பட்டணத்துப் பாதிரியார் ஜான் ஹிக்கின்சன் அப்போது எழுபதைத் தாண்டியவர். அவருடைய மகள் ஆன் டாலிவரைக் கணவன் கைவிட்டுவிட்டான். அந்த அபலையையும் சூனியக்காரி என்று 1692 ஜூனில் பிடித்தார்கள்.

அவளுடன் பிறந்த நதானியேல் ஹிக்கின்சன் அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? சென்னையில்! ஹார்வர்டில் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து வந்தவர் அவர். 1688-ல் ஏற்பட்ட சென்னை நகரசபையின் முதல் மேயர். 1692 அக்டோபரில், பாஸ்டனில் பிறந்த எலிஹு யேலுக்குப் பதிலாக ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் ஆனதும் அவரே. கடல் தாண்டிச் செய்தி வர மாதக்கணக்கில் ஆகும் காலம். ஆன் தூக்குக்குத் தப்பினாள். 1698-ல், சூனிய வழக்குகளில் தவறு நேர்ந்ததை ஆராய்ந்து ஜான் ஹேல் என்ற பாதிரியார் ஒரு நூல் எழுதினார். வழக்குகளை முதலில் ஆதரித்து, தம் மனைவி பெயரே அடிபட்டதும் கண் திறந்தவர் அவர். அந்த நூலுக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தவர் கிழவர் ஹிக்கின்சன்தான்.

கண் திறந்த விதம்

மற்றப் பெரியவர்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் கண் திறந்தது. குற்றச்சாட்டு பிச்சைக்காரியோடு நிற்காமல் பெரிய வீடுகளின் படியேறியது. கவர்னர் மனைவியின் பெயரும் அடிபட்டதாம். அக்டோபர் 3-ந் தேதி இன்கிரீஸ் மாதர் என்ற மூத்த பாதிரியார் (காட்டன் மாதரின் தந்தை) உருவச் சாட்சியம் செல்லாது என்று வாதித்தார். ஒரு நிரபராதி சாவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துச் சூனியக்காரர் தப்பிப் போவது மேல் என்றார். அதே மாதம் 29-ந் தேதி கவர்னர் அந்தக் கோர்ட்டைக் கலைத்தார். அதற்குள் 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கில் தொங்கியாயிற்று. கைல்ஸ் கோரி நசுங்கிச் செத்தாயிற்று. சிறையில் குறைந்தது ஐந்து பேர் இறந்தாயிற்று. இத்தனையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, நான்கு மாதத்திற்குள்!

1693 ஜனவரியில் புதிய கோர்ட்டு கூடியது. உருவச் சாட்சியத்தை ஏற்கவில்லை. அதை நீக்கியதும் வழக்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. விசாரிக்கப்பட்ட ஐம்பதுக்கு மேற்பட்டவர்களில் மூவருக்கு மட்டுமே தண்டனை. யார் அந்த மூவர்? ஒப்புக்கொண்டவர்கள்! செப்டம்பர் வரை உயிரைக் காத்த அதே வாக்குமூலம் ஜனவரியில் எமனாக வந்து நின்றது. நல்லவேளை, கவர்னர் தண்டனையை நிறுத்திவிட்டார். ஸ்டவுட்டன் கோபித்துக்கொண்டு கோர்ட்டை விட்டே எழுந்து போனார்.

விடுதலை என்றாலும் உடனே வெளியே வர முடியாது. சிறையில் தின்ற சோற்றுக்கும் பூட்டிய விலங்குக்கும் கைதிதான் பணம் கட்ட வேண்டும். லிடியா டஸ்டின் என்ற கிழவி நிரபராதி என்று தீர்ப்பான பிறகும் பணம் இல்லாமல் சிறையிலேயே இறந்தார். மார்கரெட் ஜேக்கப்ஸுக்காக யாரோ ஓர் அந்நியர் பணம் கட்டினார். டிட்டுபாவுக்காகப் பணம் கட்டியவரோடு அவள் போனாள். அதற்குப் பின் அவளைப் பற்றி ஏடுகளில் ஒரு வரி கிடையாது.

எழுந்து நின்ற நீதிபதி

1697 ஜனவரி 14-ந் தேதியை உபவாச நாளாகச் சர்க்கார் அறிவித்தது. அன்று பாஸ்டன் கோவிலில் பாதிரியார் ஒரு கடிதத்தைப் படித்தார். படித்து முடிக்கும்வரை ஒருவர் எழுந்து நின்றார். அவர் நீதிபதி சாமுவேல் சூவல். பழியையும் வெட்கத்தையும் தாமே ஏற்பதாக எழுதியிருந்தார். ஜூரிகள் 12 பேரும் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். 1706-ல் ஆன் பட்னமும் கிராமத்துக் கோவிலில் எழுந்து நின்றாள். ரெபக்காவின் பெயரைச் சொல்லி வருந்தினாள். ஸ்டவுட்டன் 1701-ல் சாகும்வரை வாய் திறக்கவில்லை.

1711-ல் பலருடைய தண்டனை ரத்தாயிற்று. குடும்பங்களுக்கு 578 பவுன் 12 ஷில்லிங் நஷ்டஈடு. கோவில் ரெபக்காவைத் தூக்குக்கு முன்பே சபையிலிருந்து விலக்கியிருந்தது. 1712-ல் அதை ரத்து செய்தார்கள். ஆனால் மனுப் போட வாரிசு இல்லாதவர்களின் பெயர்கள் விட்டுப்போயின.

1953-ல் ஆர்தர் மில்லர் இந்த வழக்கை நாடகமாக எழுதினார். கம்யூனிஸ்டு என்று சந்தேகம் வந்தால் கூப்பிட்டு வைத்து, "இன்னும் யார் யார்? பெயர் சொல்" என்று அமெரிக்காவில் கேட்டுக்கொண்டிருந்த காலம். 1956-ல் மில்லரையே கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவர் பெயர் சொல்ல மறுத்தார். மறு வருஷம் அதற்காக அவருக்குத் தண்டனை. 1958-ல் அது ரத்தாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே 1957-ல்தான் மாசசூசெட்ஸ் சட்டசபை சூனிய வழக்கு பற்றி ஒரு தீர்மானம் போட்டது. ஆன் புடியேட்டர் "மற்றும் வேறு சிலர்" நிரபராதிகள் என்றது தீர்மானம். வேறு சிலர் யார் என்று எழுதக்கூட மனம் வரவில்லை! பிரிஜட் பிஷப் உட்பட ஐந்து பெண்களின் பெயர்கள் 2001-ல்தான் சேர்ந்தன.

சேலம் இப்போது சூனியத்தாலேயே பிழைக்கும் ஊர். போலீஸ் கார்களில் சூனியக்காரி படம். அக்டோபர் மாதம் வந்தால் இலட்சக்கணக்கான சுற்றுலாக்காரர்கள் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு திரிகிறார்கள். தூக்கில் போட்ட பாறை எது என்று 2016-ல்தான் உறுதியாயிற்று. மருந்துக் கடை ஒன்றின் பின்புறம் இருக்கிறது. 2017-ல், ரெபக்கா தொங்கிய அதே ஜூலை 19-ந் தேதி, அங்கே 19 பெயர்களையும் பொறித்த நினைவுச் சின்னத்தைத் திறந்தார்கள்.

அப்போதும் ஒரு பெயர் பாக்கி இருந்தது. 1693 ஜனவரியில் தண்டனை பெற்ற மூவரில் ஒருத்தி எலிசபெத் ஜான்சன். முதலில் பிடிபட்டபோது அவளுக்கு வயது 22. கொஞ்சம் வெகுளி என்று அவளுடைய பாட்டனாரே எழுதியிருக்கிறார். உயிர் பிழைத்தாள்; கல்யாணம் ஆகவில்லை; பிள்ளை இல்லை. 1712-ல் தன் பெயரையும் நீக்கும்படி அவளே மனுப் போட்டாள். யாரும் கவனிக்கவில்லை. ஆண்டோவர் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பெயர் விட்டுப்போயிருப்பதைப் பற்றிப் பழைய ஏடுகளைத் தேடிப் படித்தார்கள். சட்டசபைக்கு எழுதினார்கள். மாநில வரவு செலவுத் திட்டத்தோடு ஒரு பிரிவாகச் சேர்த்து, 2022-ல் அவளை நிரபராதி என்று அறிவித்தார்கள். எழுதியவர்களில் பலருக்கு வயது பதின்மூன்று, பதினான்கு.